பொட்டு வைத்த பிளாப்பி

1

போன வாரம் ஒரு மாணவன் காபி கொட்டிய பிளாப்பி ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான்.

என் மேசை என்றால், மெல்பர்னில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் கம்ப்யூட்டர் அறை வாசலில் போட்டிருக்கிற உதவி மேசை. பிரிண்டரில் தாள் சிக்கினாலும், எழுதிய கட்டுரை எங்கே போனதென்று தெரியாவிட்டாலும், அடிக்குறிப்பு அடுத்த பக்கத்துக்கு ஓடினாலும் என்னிடம் வருவார்கள். நான் முறையாக எதையும் படித்தவள் இல்லை. பாளையங்கோட்டையில் பி.ஏ. முதல் வருஷத்தோடு கல்யாணம் ஆகி இங்கே வந்துவிட்டேன். எங்கள் தெருக்கோடி நூலகத்தில் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, பக்கத்து நாற்காலிக்காரர் எந்தப் பொத்தானை அமுக்குகிறார் என்று எட்டிப் பார்த்தே கற்றுக்கொண்டேன். பேச்சுக் கொடுத்தால் யாரும் சொல்லித் தந்துவிடுவார்கள். பேச்சுக் கொடுப்பதில் எனக்குக் குறை கிடையாது.

அந்த மாணவன் சிரித்துக்கொண்டே நின்றான். அந்தச் சதுர வில்லைக்குள் இருந்தது நாளைக்குக் கொடுக்க வேண்டிய வரலாற்றுக் கட்டுரையாம். கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் வீட்டில் கொஞ்சம் பழைய பிரதி இருக்கிறது என்றான். நான்தான் அதைக் கைக்குட்டையால் ஒற்றி ஒற்றி எடுத்தேன். "பயப்படாதே தம்பி" என்று தமிழில் சொல்லிவிட்டேன். என் குரலைக் கேட்டு அவனே எனக்கு ஆறுதல் சொன்னான்.

இந்த ஊர்ப் பேப்பரில் தினமும் ஒரே பேச்சு: புது நூற்றாண்டு பிறந்ததும் கம்ப்யூட்டர்களுக்கு வருஷக் கணக்குக் குழம்பி எல்லாம் நின்றுவிடும் என்று. பக்கத்து வீட்டுக்காரர் தண்ணீர் பாட்டில் வாங்கி அடுக்குகிறார். எனக்கு அந்தப் பயம் பெரிதாக இல்லை. என் பயம் போன வருஷமே, சரஸ்வதி பூஜைக்கு மறுநாள் வந்து போய்விட்டது. இந்த வருஷப் பூஜை நெருங்கிவிட்டதால் அதை ஊர்க்காரர்களான உங்களுக்கு எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

2

என் தங்கை கோமதி பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் தமிழ் சொல்லித் தருகிறாள். போன வருஷ நிலவரப்படி நிரந்தர வேலை இல்லை. டாக்டர் பட்டத்துக்கு ஆய்வேட்டைக் கொடுத்தால் நிரந்தரமாகும். ஆனால் அவள் ஆய்வு வருஷக்கணக்காக இழுத்துவிட்டது. குழந்தை பிறந்தது, மாமனாருக்குக் கண் ஆபரேஷன், ஒவ்வொன்றுக்கும் ஒரு நீட்டிப்பு. போன வருஷம் கிடைத்ததுதான் கடைசி நீட்டிப்பு. பூஜை விடுமுறை முடிந்து பல்கலைக்கழக அலுவலகம் திறக்கிற வாரத்தில் கொடுக்க வேண்டும். தவறினால் பதிவு ரத்து. முதலில் இருந்து தொடங்க வேண்டும். நெறியாளரும் அந்த வருஷத்தோடு ஓய்வு. "இதுல விட்டேன்னா, பொறவு நான் எந்திரிக்க மாட்டேங்கா" என்று போனில் சொன்னாள். கோமு மிகைப்படுத்திப் பேசுகிற ஆள் இல்லை.

ஆய்வு எதைப் பற்றி என்றால், தாமிரபரணிக் கரையிலும் சுற்றியும் உள்ள ஊர்களில் ஒருத்தரை ஒருத்தர் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பது பற்றி. எந்த வயதில் ஒரு ஆள் 'ஏலே'யிலிருந்து 'அண்ணாச்சி' ஆகிறான், சண்டை போட்டுக்கொண்ட மதினியும் நாத்தனாரும் மறுபடி பேச ஆரம்பிக்கும்போது முதல் வார்த்தை என்ன, இப்படி. ஏரல் பஸ்ஸில் போய்வந்து, சந்தையில் நின்று, உடன்குடியில் கருப்பட்டி காய்ச்சுகிற பெண்களோடு புகையில் உட்கார்ந்து சேர்த்தது. வாரா வாரம் எனக்குப் போனில் நாலு சொல்வாள். உடன்குடியில் ஒருத்தி இவளைப் பார்த்து, "படிச்ச பிள்ளைன்னு சொல்லுத, எங்க வாயப் பாத்துக்கிட்டு இருக்க" என்று கேட்டாளாம். அதைக் கேட்டு நான் இங்கே டிராமில் தனியாகச் சிரித்து எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த நாளில் பாளையங்கோட்டையில் ஆய்வு மாணவர்கள் யாரும் கம்ப்யூட்டரைத் தொடுவது கிடையாது. கையால் எழுதிய கட்டைக் கொண்டுபோய் டி.டி.பி. கடையில் கொடுப்பார்கள், அடித்து வருவதைத் திருத்துவார்கள், திரும்ப அடிப்பார்கள். பஸ் ஸ்டாப் பக்கம் ஒரு மருந்துக்கடை மாடியில் செல்லத்துரை அண்ணாச்சி அப்படி ஒரு கடை வைத்திருந்தார். ஏ.சி. அறை, செருப்பை வெளியே விட வேண்டும், எம்.ஃபில். மாணவர்கள் படி நெடுக உட்கார்ந்திருப்பார்கள். கோமுதான் முதலில், "நானே அடிக்கட்டா அண்ணாச்சி?" என்று கேட்டவள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு நாற்காலியைத் தள்ளிப் போட்டிருக்கிறார்.

மவுஸை நகர்த்தப் பழகிய முதல் நாள் எனக்குப் போன் செய்தாள். "அம்புக்குறி இன்னும் போகணும்கா, ஆனா மேசை முடிஞ்சுபோச்சு." தூக்கி நடுவில் வைத்து மறுபடி நகர்த்தலாம் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. நான் சொன்னேன். அதிலிருந்து நான்தான் அவளுக்கு உதவி மேசை. அண்ணாச்சியும் தன் பங்குக்குச் சொல்லிக்கொடுத்தார். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் பதிந்து வைக்கச் சொல்லி, "சேவ் பண்ணாம எந்திரிக்கது, வாளியக் கெணத்துல விட்டுட்டுக் கயித்த மட்டும் சுருட்டிட்டுப் போற கணக்கு தாயி" என்பாராம்.

ஒரு வருஷத்தில் கோமு பேனாவையே விட்டுவிட்டாள். முதல் மூன்று இயல்கள் தாளில் இருந்தன. கடைசி இரண்டையும் நேராகத் திரையிலேயே எழுதினாள். எழுதி எழுதி மாற்றினாள், தாளில் அச்செடுக்கவில்லை. கடையில் இடம் பற்றாது என்று வாராவாரம் அண்ணாச்சி கம்ப்யூட்டரில் உள்ளதையெல்லாம் அழித்துவிடுவார். அவரவர் எழுத்து அவரவர் பிளாப்பியில். கோமுவிடம் இரண்டு பிளாப்பிகள், ஒன்றுக்கு ஒன்று பிரதி. இரண்டையும் ஒரே பஸ்ஸில் கொண்டுபோகாதே, ஒன்று எப்போதும் வீட்டில் இருக்கட்டும் என்று சொல்லியிருந்தேன். மூன்றாவது ஒன்றை எனக்கு அனுப்பேன் என்றும் கேட்டேன். தபால் ஆபீஸில் முத்திரை குத்துகிறவர் அதன் மண்டையில் ஓங்கிக் குத்திவிடுவார் என்று பயந்து அனுப்பவில்லை.

3

வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்குப் பயம் காது வழியாகத்தான் வருகிறது. வழக்கமில்லாத நேரத்தில் போன் அடித்தால், எடுப்பதற்குள் அம்மா, அப்பா, மாமா எல்லோர் முகமும் வந்து போகும். என் மகள் வள்ளிக்கு அது தெரியாது. பதினைந்து வயது. அவளுக்குப் போன் என்றால் சிநேகிதி. சித்தியோடு பேசச் சொன்னால், "நல்லா இருக்கீங்களா, அம்மாகிட்டக் கொடுக்கேன்" என்று முடித்துவிடுவாள்.

போன வருஷம் பூஜை அன்று அவளுக்கும் எனக்கும் ஒரு சிறு தகராறு. புத்தகங்களைச் சாமி முன்னால் அடுக்கி, இன்றைக்குப் படிக்கக் கூடாது என்றேன். படிப்புக்கான சாமியைக் கும்பிடுகிற நாளில் படிக்கக் கூடாது என்றால் அந்தச் சாமிக்குக் கோபம் வராதா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நான் தமிழில் அதட்டினேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டு தட்டச்ச ஆரம்பித்தாள். அங்கே ஊரில் அவள் சித்தி ஒரு எழுத்துத் தொடாமல் இருந்தாள், அவசரம் கழுத்துக்கு வந்த வாரத்தில்.

மறுநாள், விஜயதசமி, மதியம் போன் அடித்தது. ஊரில் காலை. கோமு எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினாள். மறுபூஜை முடிந்ததும் ஒரு பிளாப்பியை எடுத்துக்கொண்டு அண்ணாச்சி கடைக்குப் போயிருக்கிறாள். கம்ப்யூட்டரில் போட்டதும் உள்ளே கர்ர் கர்ர் என்று அரைக்கிற சத்தம். படிக்க முடியவில்லை என்று திரையில் வந்திருக்கிறது. எடுத்து, மறுபடி போட்டு, மறுபடியும் அதேதான்.

"அண்ணாச்சி மெஷின்லதான் கோளாறுன்னு சொல்லுதாக. வீட்டுல இருக்கத எடுத்துட்டு வந்து வேற மெஷின்ல போட்டுப் பாக்கப் போறேன்" என்றாள். குரல் தட்டையாக இருந்தது. அழுதிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

"ஏட்டி, அது கீழ விழுந்துச்சா? தண்ணி கிண்ணி பட்டுச்சா?"

"ஒண்ணும் படலக்கா. நேத்துப் பூஜையில வச்சு எடுத்தது. ரெண்டையும்தான் வச்சோம், ஒண்ண விட்டா குறையாயிரும்லா. அவுகதான் குளிச்சு, பொட்டெல்லாம் வச்சு..."

லைன் அறுந்துவிட்டது.

4

அவுக என்றால் கோமுவின் வீட்டுக்காரர், சுப்பிரமணியன். மின்வாரியத்தில் கணக்குப் பிரிவு. எதையும் ஒழுங்காகச் செய்கிறவர். செருப்பைக்கூடச் சுவரோடு நேராக விடுவார். கோமு வீட்டுக்கு லைன் கிடைக்கவே அரை மணி ஆனது. அவர் இருந்தார். போனை எடுத்ததும், "மதினி, விஜயதசமிக்கு நல்லா கும்பிட்டியளா?" என்று ஆரம்பித்தார்.

கோமு எங்கே என்றேன். இப்போதுதான் வந்து இன்னொரு பிளாப்பியை எடுத்துக்கொண்டு இறங்கினாள் என்றார்.

"பிளாப்பில பொட்டு வச்சீங்களே, எங்க வச்சீங்க?"

அவருக்கு அந்தக் கேள்வி சந்தோஷமாக இருந்தது. குரலிலேயே தெரிந்தது. "மேல வச்சா அந்த அட்டைக்குல்லா வச்சதாகும் மதினி? எழுத்து உள்ளதான இருக்கு. ஓரத்துல ஒரு தகரம் இருக்கு பாத்தியளா, அதப் பைய ஒதுக்கிட்டு, உள்ள கருப்பா வட்டமாத் தெரியும், அதுல சந்தனம் வச்சு, அதுக்கு நடுவுல குங்குமம் வச்சேன். ரெண்டுலயும்."

அவர் சொன்னதில் தவறே கண்டுபிடிக்க முடியாது. புத்தகத்துக்கு அட்டையில் வைப்போம், அரிவாளுக்கு இரும்பில் வைப்போம், வண்டிக்கு நெற்றியில் வைப்போம். எழுத்து எங்கே இருக்கிறதோ அங்கே வைத்திருக்கிறார். ராத்திரி முழுக்க அது அங்கேயே காய்ந்திருக்கிறது. முதல் பிளாப்பி உள்ளே சுழன்றபோது காய்ந்த சந்தனம்தான் அரைத்திருக்கிறது. இரண்டாவதும் சுழன்றால் இரண்டு இயல்களும் போய்விடும்.

விளக்கம் சொல்ல நேரமில்லை. "அதக் கம்ப்யூட்டர்ல போடவிடாதீங்க. போட்டா அம்புட்டும் போச்சு. ஓடுங்க" என்றேன். ஏன் எதற்கு என்று கேட்காமல் ரிசீவரை வைத்தார். அவர் ஸ்கூட்டரை உதைக்கிற சத்தம் இங்கே கேட்டதுபோல எனக்கு ஒரு பிரமை.

அண்ணாச்சி கடைக்குப் போட்டேன். இத்தடத்தில் உள்ள எல்லா இணைப்புகளும் உபயோகத்தில் உள்ளன என்று ஒரு பெண் குரல் சொன்னது. மறுபடி போட்டேன், அதே குரல், அதே மரியாதை. அந்தப் பெண்ணிடமே கெஞ்சலாமா என்று இருந்தது. கோமு பஸ்ஸிலிருந்து இறங்குகிறாள், படியேறுகிறாள், செருப்பை விடுகிறாள், உட்காருகிறாள் என்று மனசு ஓட்டிக்கொண்டே போனது. ஒவ்வொரு தடவையும் பிளாப்பி உள்ளே போகிற இடத்தில் வந்து நின்றது. வள்ளி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, ஊரில் யாராவது செத்துப்போனார்களா என்று கேட்டாள். இல்லை என்றேன். "பின்னே ஏன் இப்படி இருக்கே?" இரண்டு அத்தியாயம் என்று சொன்னால் அவளுக்குப் புரியாது.

கடைசியில் மறுமுனையில் அண்ணாச்சியின் கடை கிடைத்தது. எடுத்தவர் சுப்பிரமணியன். மூச்சு வாங்கிக்கொண்டு, "போடல மதினி" என்றார்.

நடந்தது இது. விஜயதசமி நல்ல நாள் என்று ஊரில் உள்ள எம்.ஃபில். பிள்ளைகள் அத்தனை பேரும் நல்ல நேரத்துக்குள் ஆய்வேட்டில் ஒரு வரியாவது அடித்துத் தொடங்கிவிட வேண்டும் என்று கடையில் கூடிவிட்டார்கள். மிச்சம் இருந்த ஒரே மெஷினுக்குப் படிவரை வரிசை. கோமு அந்த வரிசையில் பிளாப்பியை மடியில் வைத்துக்கொண்டு முறை வருவதற்காக உட்கார்ந்திருந்திருக்கிறாள். இன்னும் ஒரு ஆள்தான் பாக்கி.

5

அன்று எனக்கு வேலை நாள் இல்லை. இருந்தாலும் கிளம்பி நூலகத்துக்குப் போனேன். அங்கே மெஷின்களைப் பழுது பார்க்கிற டுவான் என்கிற வியட்நாம்காரர் எனக்கு நல்ல சிநேகிதம். ஆனால் வெளிப் பிளாப்பி என்றால், கேட்பது யோசனை மட்டுமானாலும், முதலில் படிவம் நிரப்ப வேண்டும் என்று மேலாளர் மார்கரெட் சொல்லிவிட்டார். சேதத்துக்குக் காரணம்: காபி, தண்ணீர், கீழே விழுந்தது, காந்தம், மற்றவை. நான் மற்றவை என்பதில் குறி போட்டு, பக்கத்தில் வழிபாடு என்று ஆங்கிலத்தில் எழுதினேன். மார்கரெட் கண்ணாடியை இறக்கிப் பார்த்து, அது ஒருவகைத் திரவமா என்று கேட்டார். பாதித் திரவம் என்றேன்.

டுவான் சிரிக்கவில்லை. அவர் அம்மா கடைக் கல்லாப்பெட்டி மேல் ஊதுவத்தி வைத்து, சாம்பல் விழுந்து பொத்தான்கள் ஒட்டிக்கொண்ட கதையைச் சொன்னார். பிறகு என்ன செய்ய வேண்டும் என்று தாளில் படம் போட்டுக் காட்டினார். பிளாஸ்டிக் கூட்டைப் பிளக்க வேண்டும். உள்ளே இருக்கிற கருப்பு வட்டைத் தனியே எடுத்து, மருந்துக்கடையில் விற்கிற சுத்தமான தண்ணீரில் கழுவ வேண்டும். தேய்க்கவே கூடாது. நிழலில் உலர்த்தி, புதுப் பிளாப்பி ஒன்றின் கூட்டுக்குள் வைத்து மூட வேண்டும். "ஒரு கீறல் விழுந்தால் போச்சு. யார் செய்யப் போகிறார்கள்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியோடு வீடு வந்து போன் செய்தேன். ஊரில் பிற்பகல். கோமு அதைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டாளாம். சுப்பிரமணியன்தான், "நான் செய்யுதேன் மதினி" என்றார். செய்த ஆளிடமே மறுபடி கொடுப்பதா என்று யோசித்தேன். அங்கே ஒருத்தரும் அவரை ஒரு சொல் சொல்லவில்லை என்பது அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும். மத்தியானம் சாப்பிடவில்லையாம்.

நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார். ஒரே ஒரு இடத்தில் நிறுத்தினார்.

"ஆத்துத் தண்ணி ஆகாதா மதினி? தாமிரபரணித் தண்ணி கண்ணாடி மாதிரில்லா இருக்கும்."

"ஆகாது. மருந்துக்கடைத் தண்ணிதான். பொறவு, தேய்ச்சிராதீங்க."

"சாமிக்குச் சாத்துன சந்தனத்த யாராவது தேய்ச்சா எடுப்பாக? மேல மேல தண்ணிய விட்டுக்கிட்டே இருந்தா, ஊறி, அதாக் கழண்டு வரும். அபிஷேகத்துல நான் எத்தன வருஷம் நின்னுருக்கேன்."

அப்போதுதான் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. கொஞ்சம்தான்.

6

மறுநாள் நூலகத்தில் எனக்கு எதுவும் ஓடவில்லை. ஒரு மாணவி வந்து பக்க எண் போடுவது எப்படி என்று கேட்டாள். அவள் பிளாப்பியைக் காட்டி, இதற்கு இன்னொரு பிரதி இருக்கிறதா என்று கேட்டேன். இல்லையாம். அவளை உட்காரவைத்து இரண்டு பிரதி எடுத்தபிறகுதான் பக்க எண்ணுக்கு வந்தேன். இந்தப் பிள்ளைகள் பார்க்காமலே தட்டச்சுகிறார்கள், மேற்கோள் காட்டுவதற்கு விதிகள் தெரிந்து வைத்திருக்கிறார்கள். ஒரு கருப்பு வட்டில் எத்தனை நாள் உழைப்பு இருக்கிறது என்ற பயம் மட்டும் இவர்களுக்கு இல்லை.

அங்கே கழுவிய பிளாப்பியைத் தன் மெஷினில் போட அண்ணாச்சி முதலில் ஒரேயடியாக மறுத்துவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஒரு மெஷின் ஏற்கெனவே படுத்துவிட்டது, மிச்சம் இருக்கிற ஒன்றையும் கொடுத்துவிட்டு அவர் எங்கே போவார்? குளிப்பாட்டி, உலர்த்தித்தான் கொண்டுவந்திருக்கிறேன் என்றாளாம் கோமு. கொஞ்ச நேரம் அவளைப் பார்த்துவிட்டு, "பொட்டோட இருந்தாப் போட மாட்டேன் தாயி. குளிச்சு வந்திருக்குன்னா, சரி, குடு" என்று கையை நீட்டினாராம்.

நான் வீட்டுக்கு வந்து போன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அடித்தது. உடனே எடுக்க முடியவில்லை. எடுத்தால் தெரிந்துவிடும்.

எடுத்தேன். கர்ர் என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. கோமு முந்தின நாள் சொன்ன அதே சத்தம். சந்தனம் அரைபடுகிற சத்தம். "எடுத்துரு, கோமு, எடுத்துரு" என்று கத்தினேன்.

சத்தம் நின்றது. பின்னால் போனது. மறுபடி கர்ர் என்று முன்னால் வந்தது. நின்றது, போனது, வந்தது. ஊசி அடித்து அச்சிடுகிற பழைய பிரிண்டர் அது. ஒரு வரி முடிந்து அடுத்த வரி.

"யக்கா, கேக்குதா?" என்றாள் கோமு.

"கேக்கு."

"நாலாம் இயல். வச்சிராத. அஞ்சு இன்னும் வரணும்."

வைக்கவில்லை. நடுவில் ஒருமுறை சத்தம் நின்று நெடுநேரம் வரவில்லை. அண்ணாச்சி தாள் மாற்றுகிறார் என்று கோமு கிசுகிசுத்தாள். ஒவ்வொரு பக்கத்துக்கும் எனக்கு உயிர் போய் வந்தது. கடைசிப் பக்கம் கிழிபடுகிற ஓசை கேட்டது. "வந்துட்டுக்கா. அம்புட்டும் வந்துட்டு" என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

நான் அவளை அழவிடவில்லை. எழுந்திருக்குமுன் புதுப் பிளாப்பி மூன்றில் ஏற்று, மூன்றும் மூன்று இடத்தில் இருக்கட்டும், ஒன்று அண்ணாச்சியிடம், ஒன்று நெறியாளரிடம் என்று சொல்லிக்கொண்டே போனேன். பக்கத்தில் நின்ற சுப்பிரமணியன் ரிசீவரை வாங்கினார்.

"மதினி, மூணாவத நான் ஆபீஸ்ல வச்சுக்கிடட்டா? பூட்டுப் போட்ட அலமாரி. ஒரு தூசி படாது."

"உங்க ஆபீஸ்ல ஆயுத பூஜை உண்டுமா?"

"உண்டு மதினி" என்றார்.